கல்லறை இல்லாத ஒரு தாய்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி, மூத்த தாய்மாரைச் சிறப்பித்த நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

கிறிஸ்து இயேசுவில் அன்பார்ந்த பங்கு மக்களே, சிறப்பாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பாட்டிமார்களே!



பொன்விழா மலருக்காக நம் பங்கின் வரலாற்றைத் தொகுக்கும் வேலை சில மாதங்களாக நடந்து வருகிறது. அடிக்கல் நாட்டிய ஆயர் யார், மணிக்கூண்டு எப்போது எழுந்தது, எந்தக் குருவானவர் எத்தனை ஆண்டு பணிபுரிந்தார், பீடம் கொடுத்தவர் யார், மாதா சுரூபம் கொடுத்தவர் யார் என்பதெல்லாம் கோவில் ஏடுகளில் இருக்கின்றன. எடுத்து எழுதிவிடலாம். ஆனால் இந்த 50 ஆண்டுகளில் விடியற்காலையில் எழுந்து கோவில் முற்றத்தைக் கூட்டியவர்கள், மழையென்றும் பாராமல் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பூசைக்கு வந்தவர்கள், உலை கொதிக்கும் நேரத்திலேயே கர்த்தர் கற்பித்த செபத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் - இவர்களைப் பற்றி எந்த ஏட்டிலும் எழுதவில்லை. ஞானஸ்நானப் புத்தகத்தில் ‘தாயின் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அடக்கப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு பெண் உழைத்த 50, 60 ஆண்டுகளுக்கு அங்கே இடம் இல்லை.

ஆகவே இன்று அப்படிப்பட்ட ஒரு தாயின் வாழ்க்கையை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அவர் நம் ஊர்க்காரர் அல்லர். கடல் கடந்த இத்தாலி நாட்டவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருடைய மகன் தம் கைப்பட எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளும், அவரோடு வாழ்ந்தவர்களின் சாட்சியமும் இல்லாதிருந்தால், அவரும் கோவில் புத்தகத்தில் ஒரு வரியாகவே போயிருப்பார். அவர்தான் புனித தொன் போஸ்கோவைப் பெற்ற மார்கரீத்தா அம்மாள்.

தொன் போஸ்கோவின் சபையார் 1906-ஆம் ஆண்டு தஞ்சாவூருக்கு வந்தார்கள். அவர்களுடைய பள்ளிகளிலும் விடுதிகளிலும் தொழிற்கூடங்களிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஆளானார்கள். அந்தப் பிள்ளைகள் உண்ட சோற்றுக்கும் இந்தத் தாயின் அடுப்புக்கும் தொடர்பு உண்டு.

29 வயதில் விதவை

மார்கரீத்தா 1788-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், வட இத்தாலியின் பியெமோந்தே பகுதியில், கப்ரீலியோ என்னும் சிற்றூரில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். 1812-ல் பிரான்சிஸ் போஸ்கோ என்னும் விவசாயியை மணந்தார். பிரான்சிஸ் மனைவியை இழந்தவர். முதல் தாரத்து மகன் அந்தோனிக்கு அப்போது நான்கு வயது. முதிய மாமியாரும் அதே வீட்டில் இருந்தார். ஆகவே மார்கரீத்தா அந்த வீட்டில் அடியெடுத்து வைத்த அன்றே ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிட்டார். 1813-ல் ஜோசப்பும், 1815-ல் ஜானும் பிறந்தார்கள்.

1817-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரான்சிஸ் வேலை முடிந்து வியர்வையோடு குளிர்ந்த நிலவறைக்குள் இறங்கினார். கடுமையான நிமோனியா கண்டது. மே 11-ஆம் நாள் தம் 33-ஆம் வயதில் இறந்துபோனார். மார்கரீத்தாவுக்கு 29 வயது. கடைசிப் பிள்ளை ஜானுக்கு இரண்டு வயது நிறையவில்லை. அப்பா படுத்திருந்த அறையைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்ததையும், இனி உனக்கு அப்பா இல்லை என்று சொல்லித் தாய் அழுதபடியே தம்மை வெளியே அழைத்து வந்ததையும், தமக்கு நினைவிருக்கும் முதல் நிகழ்ச்சியாகத் தொன் போஸ்கோ எழுதியிருக்கிறார்.

அதே ஆண்டில் மழை பொய்த்துப் பஞ்சமும் வந்தது. கையில் பணம் இருந்தும் வாங்கத் தானியம் இல்லாத நாள்கள். மார்கரீத்தா பிள்ளைகளோடு முழந்தாளிட்டுச் செபித்தார். பிறகு தொழுவத்துக்குப் போய், வளர்த்துவந்த கன்றுக்குட்டியை அறுத்து அன்றைக்குப் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் உணவிட்டார். கிராமத்தில் மாடு கன்று வைத்திருக்கும் தாய்மார்களுக்கு அது எத்தகைய முடிவு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மறுமணத்துக்கு நல்ல இடம் ஒன்று வந்தது. பிள்ளைகளைத் தகுந்த பாதுகாவலரிடம் ஒப்படைக்கலாம் என்றார்கள். பாதுகாவலர் நண்பராக இருக்கலாம், நானோ தாய் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1826-ல் இறந்த மாமியாரைக் கடைசிவரை பெற்ற தாயைப்போலவே பேணினார். பாட்டியை எப்படி நடத்த வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கவில்லை. அம்மா நடந்துகொண்டதைப் பார்த்தே படித்தார்கள்.

மூலையில் நின்ற பிரம்பு

அந்த வீட்டின் மூலையில் ஒரு பிரம்பு எப்போதும் நிற்கும். ஒருநாள் தாய் வெளியே போயிருந்தபோது, எட்டு வயது ஜான் எதையோ எடுக்கப் போய் எண்ணெய்ச் சாடியைத் தட்டிவிட்டான். எண்ணெயெல்லாம் தரையில் ஓடியது. பையன் தானே ஒரு குச்சியை வெட்டி, அழகாகச் சீவி எடுத்துக்கொண்டு, தாய் வரும் வழியில் போய் நின்று நடந்ததைச் சொன்னான், குச்சியையும் நீட்டினான். தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை உண்மையைச் சொன்னதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பிற்காலத்தில் அடியின்றி அன்பினாலும் அறிவுரையாலும் பிள்ளைகளை வளர்க்கலாம் என்று தொன் போஸ்கோ உலகத்துக்குப் போதித்தார். அந்தப் பாடத்தின் முதல் வகுப்பு இந்த மண்வீட்டில்தான் நடந்தது.

ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்க உபதேசியார் வரட்டும் என்று மார்கரீத்தா காத்திருக்கவில்லை. காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை முழந்தாளிடச் செய்து தாமும் சேர்ந்து செபித்தார். விண்மீன்கள் நிறைந்த இரவில் வானத்தைக் காட்டி, இவற்றைப் படைத்தவர் கடவுள் என்றார். ஆலங்கட்டி மழை திராட்சைக் கொடிகளை அழித்தபோது, கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்றார். விளைச்சல் காலத்திலும் அழிவுக் காலத்திலும் ஒரே கடவுளைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

ஆனால் அந்தக் குடும்பத்தில் சண்டையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜானுக்குப் படிப்பில் ஆசை. மூத்தவன் அந்தோனிக்கு அது பிடிக்கவில்லை. வயலில் வேலை செய்ய ஆள் வேண்டாமா என்று கேட்டான். நாளுக்கு நாள் பூசல் முற்றியது. மூத்தவன் மூத்தாள் பிள்ளை. அவனை அடக்கினால் மாற்றாந்தாய் என்ற சொல் வரும். அடக்காவிட்டால் இளையவன் வாழ்வு கெடும். 1828-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் குளிரில், 12 வயது ஜானை வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பிவைத்தார் தாய். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவன் வெளியில் வளர்ந்தான். தம் வயிற்றில் பிறந்த பிள்ளையை வெளியே அனுப்பி, தம் வயிற்றில் பிறவாத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்ட அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! காலம் வந்தபோது சொத்தைப் பிரித்துக் கொடுத்து, ஜானின் படிப்புக்கும் வழிசெய்தார். அந்தோனியையும் அவர் இழக்கவில்லை. பின்னாளில் இரண்டு மகன்களின் பிள்ளைகளும் அவரைப் பாட்டி என்று அழைக்கும் பேறு அவருக்குக் கிடைத்தது.

ஜான் துறவற சபையில் சேர எண்ணியபோது, ஊர்ப் பங்குக் குருவானவர் தாயைக் கூப்பிட்டு, முதுமையில் உங்களைப் பார்த்துக்கொள்ள மகன் வேண்டாமா, தடுத்துப் பாருங்கள் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். மார்கரீத்தா மகன் படித்துக்கொண்டிருந்த கியேரி நகருக்குப் போனார். உன்னிடமிருந்து எனக்கு ஒன்றும் வேண்டாம்; கடவுள் அழைக்கும் வழியில் போ; நீ பணக்காரக் குருவாகிவிட்டால் மட்டும் உன் வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்ற கருத்துப்படப் பேசிவிட்டுத் திரும்பினார். குருமடத்தில் படித்த எங்களுக்கு எத்தனையோ பேராசிரியர்கள் துறவைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். ஆனாலும் எழுத்தறியாத அந்தத் தாயின் ஒரு சொல்லுக்கு ஈடாக நான் எதையும் கேட்டதில்லை. 1841-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் ஜான் போஸ்கோ குருவானார்.

58 வயதில் ஒரு பயணம்

இனிமேல் அந்தத் தாய்க்கு ஓய்வுதானே? ஜோசப்பின் வீட்டில், பேரப்பிள்ளைகள் நடுவே, பெக்கி என்ற தம் சிற்றூரில் அமைதியாகக் காலம் கழிக்கலாம். ஊரில் எல்லாரும் மதிக்கிறார்கள், வீட்டில் சோறு இருக்கிறது, கோவிலும் இருக்கிறது. ஒரு தாய் வேறென்ன கேட்பாள்?

1846-ல் தொன் போஸ்கோ தூரின் நகரில் திக்கற்ற பிள்ளைகளுக்காக உழைத்து உழைத்துச் சாவின் விளிம்புக்குப் போய்ப் பிழைத்தார். உடல் தேற ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகும்போது தாயிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். அந்தப் பகுதியில் தனியாக வீடு வைத்து நடத்த முடியவில்லை; என்னோடு வந்து அந்தப் பிள்ளைகளுக்கும் தாயாக இருப்பீர்களா என்று கேட்டார். பேரப்பிள்ளைகளை விட்டுப் போவது எளிதா? அவர் சற்று யோசித்தார். கடவுளுக்கு இது பிரியம் என்று நீ நினைத்தால் வருகிறேன் என்றார்.

1846 நவம்பர் 3-ஆம் நாள் தாயும் மகனும் கால்நடையாகவே தூரினுக்குப் புறப்பட்டார்கள். மகன் கையில் செபப் புத்தகமும் சில ஏடுகளும். தாய் கையில் துணிமணிகள் வைத்த ஒரு கூடை. அன்று அவருக்கு வயது 58.

வால்தொக்கோ என்னும் அந்தப் புறநகர்ப் பகுதியில் அவர்களுக்குக் கிடைத்தவை வெறும் அறைகள். நிலத்தில் ஒரு பகுதியை விற்றார்கள். மார்கரீத்தா தம் திருமணச் சீராகப் பத்திரமாக வைத்திருந்த துணிகளை வரவழைத்தார். பட்டாடை பூசை உடுப்பாயிற்று. வெள்ளைத் துணிகள் பீடத் துணிகளாயின. மோதிரமும் கழுத்துச் சங்கிலியும் விலைக்குப் போயின. தாய்மார்களே, கணவர் இறந்து 29 ஆண்டுகள் பெட்டியில் காத்துவைத்த கலியாணப் பொருள்கள் அவை.

1847-ல் மே மாதத்து மழைக்கால இரவொன்றில், 15 வயதுப் பையன் ஒருவன் நனைந்து நடுங்கிக் கதவைத் தட்டினான். தாய் தகப்பன் இல்லாதவன், கொத்து வேலை தேடி நகரத்துக்கு வந்தவன், கையில் காசில்லை. இதற்கு முன்னும் இப்படி இடம் கொடுத்துப் போர்வைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று தாய் கவலைப்பட்டதைத் தொன் போஸ்கோ மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனாலும் செங்கல்லை அடுக்கி, பலகை போட்டு, அடுப்படியிலேயே அவனுக்குப் படுக்கை தயாரித்தார்கள். படுக்கும்முன் மார்கரீத்தா அவனுக்கு உழைப்பைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் சில வார்த்தை சொன்னார்; சேர்ந்து செபித்தார். இன்றுவரை தொன் போஸ்கோ இல்லங்களில் இரவு செபத்துக்குப் பின் பிள்ளைகளுக்குச் சிறு உரை சொல்லும் வழக்கம் இருக்கிறது. அதன் தொடக்கம் அந்த அடுப்படிதான்.

ஒருவன் வந்தான், பிறகு ஏழு பேர் வந்தார்கள், பிறகு நூற்றுக்கு மேல் ஆயிற்று. அத்தனை பேருக்கும் சமைத்தவர், கிழிந்த சட்டையைத் தைத்தவர், காய்ச்சலில் கண்விழித்தவர் அவர். சொந்தப் பேரப்பிள்ளைகளை விட்டுவந்த பாட்டி, யாரோ பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அம்மாவானார். ‘மம்மா’ என்றுதான் எல்லாரும் அழைத்தார்கள்.

சிலுவையின் முன்

அவர் சலிப்படையவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகும். ஒருநாள் பையன்கள் பட்டாளத்தார் விளையாட்டு விளையாடி, அவர் பாடுபட்டுப் போட்ட காய்கறித் தோட்டத்தை மிதித்து நாசமாக்கிவிட்டார்கள். இப்படிப் பல நாள் பொறுத்தவர், ஒருநாள் மகனிடம் வந்து, காயப்போட்ட துணியை மண்ணில் போடுகிறார்கள், தோட்டத்தை மிதிக்கிறார்கள், சட்டி பானையைக் காணோம், என்னால் இனி முடியாது, என்னைப் பெக்கிக்கே அனுப்பிவிடு என்று மனம்விட்டுச் சொன்னார்.

தொன் போஸ்கோ பதில் பேசவில்லை. சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் கையால் காட்டினார். தாய் அதைப் பார்த்தார், கண் கலங்கியது. நீ சொல்வது சரிதான் என்று கூறிவிட்டு மறுபடியும் வேலைக்குப் போனார். அதன்பிறகு அவர் ஊருக்குப் போகிறேன் என்று கேட்கவில்லை.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை தியானித்திருக்கிறேன். புனிதமான தாய் என்றால் களைப்பே அறியாதவள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதனால்தான் நம் வீட்டுத் தாய் ‘முடியவில்லை’ என்று சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. மார்கரீத்தா அம்மாளுக்கும் முடியவில்லை. முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு ஒரு மகன் அருகில் இருந்தார். நம் தாய்மாருக்கு அதைச் சொல்லவாவது ஆள் இருக்கிறதா?

1854-ல் தூரினில் காலரா பரவியது. தொன் போஸ்கோவின் பையன்கள் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யத் தெருவில் இறங்கினார்கள். போர்த்தத் துணியில்லாத நோயாளிகளுக்காக அவர்கள் வந்து கேட்கக் கேட்க, மார்கரீத்தா விரிப்பையெல்லாம் கொடுத்தார்; மேசைத் துணியையும் கொடுத்தார்; கடைசியில் பீடத் துணியையும் எடுத்துக் கொடுத்தார். தம் கலியாணத் துணியைப் பீடத்துக்குக் கொடுத்தவருக்கு, பீடத்துத் துணியை ஏழைக்குக் கொடுக்கத் தயக்கம் இல்லை.

1856-ஆம் ஆண்டு நவம்பரில் அவரையும் நிமோனியா பற்றியது. ஜோசப் ஊரிலிருந்து ஓடிவந்தார். அவஸ்தைப்பூசுதல் பெற்றார். மகன் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல், போய்ச் செபம் செய் என்று தொன் போஸ்கோவை அறையைவிட்டு அனுப்பிவைத்தார். நவம்பர் 25-ஆம் நாள் அதிகாலையில், தம் 68-ஆம் வயதில் உயிர்நீத்தார். அன்று காலையே தொன் போஸ்கோ ஆறுதல் மாதா ஆலயத்துக்குப் போய்ப் பூசை செய்தார். இனி எங்களுக்குத் தாயில்லை, நீரே தாயாக இரும் என்று தேவதாயிடம் தம்மையும் தம் பிள்ளைகளையும் ஒப்படைத்தார்.

மார்கரீத்தாவை ஏழைகளோடு ஏழையாகப் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பூ வைக்க, மெழுகுதிரி ஏற்ற, அவருக்கென்று ஒரு கல்லறை இன்று இல்லை. ஆனால் 1934-ஆம் ஆண்டு பாஸ்கு ஞாயிறன்று பதினோராம் பத்திநாதர் தொன் போஸ்கோவைப் புனிதராக உயர்த்தியபோது, அது ஏப்ரல் முதல் நாள், அந்தத் தாயின் பிறந்த நாள். 2006-ல் திருச்சபை மார்கரீத்தா அம்மாளையும் ‘வணக்கத்துக்குரியவர்’ என்று அறிவித்தது.

நம் வீடுகளில்

அன்பார்ந்தவர்களே, புனித சின்னப்பர் திமொத்தேயுவுக்கு எழுதும்போது அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். விசுவாசம் முதலில் பாட்டியிடம் இருந்தது, பிறகு தாயிடம் வந்தது, பிறகுதான் ஆயரான மகனிடம் வந்தது என்று அப்போஸ்தலரே வரிசைப்படுத்துகிறார். 2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை மாத நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். சுவக்கீன் அன்னம்மாள் திருநாளை ஒட்டி அந்த நாள் வருகிறது. திருச்சபை நினைவூட்டுகிறது, நாம்தான் மறந்துவிடுகிறோம்.

முதல் வெள்ளிக்கிழமைகளில் நான் நோயாளிகளுக்கு நன்மை கொண்டு போகிறேன். எத்தனையோ வீடுகளில் ஒரே ஒரு மூதாட்டி. பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், வளைகுடா நாட்டில். பணம் வருகிறது, தொலைபேசியில் குரலும் வருகிறது. அவர்களைக் குறை கூறவில்லை. பிழைக்கப் போனவர்கள் அவர்கள். ஆனால் ஒரு வீட்டில் ஒரு பாட்டி சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. செபமாலை சொல்கிறீர்களா அம்மா என்று வழக்கம்போலக் கேட்டேன். “நான் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் சாமி. மறுபாதி சொல்லத்தான் ஆள் இல்லை” என்றார்.

செபமாலையை நம் முன்னோர் வீட்டில் இரு பிரிவாகச் சொன்னார்கள். முன்பாதியைத் தாயோ பாட்டியோ சொல்ல, பின்பாதியைப் பிள்ளைகள் சொல்வார்கள். முன்பாதி இன்னும் நின்றுவிடவில்லை. நம் பங்கின் மூத்த தாய்மார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பின்பாதிதான் நின்றுபோயிற்று. அந்த முன்பாதியும் ஒருநாள் நின்றுவிடும். அதற்குமுன் யார் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பதுதான் இந்தப் பொன்விழாவில் என் கேள்வி. கோபுரத்துக்கு வண்ணம் பூசிவிட்டோம்; அது வேண்டியதுதான். ஆனால் அடுத்த 50 ஆண்டுகளுக்கு இந்தப் பங்கைத் தாங்கப் போவது வீட்டுக்குள் நடக்கும் அந்தக் கைமாற்றம்.

மூத்த தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. என் காலம் முடிந்தது, இனி நான் யாருக்குத் தேவை என்று சொல்லாதீர்கள். மார்கரீத்தா அம்மாள் கூடையை எடுத்தபோது அவருக்கு 58 வயது. அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. உங்கள் பேரப்பிள்ளை தூரத்தில் இருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுங்கள்.

பிள்ளைகளே, மருமக்களே, உங்களுக்கும் ஒன்று. இந்த வாரத்தில் ஒரு மாலை உங்கள் தாயின் பக்கத்திலோ பாட்டியின் பக்கத்திலோ உட்காருங்கள். அவர் எந்த ஆண்டில் இந்த ஊருக்கு வந்தார், எந்தச் சாமியார் கையில் புதுநன்மை வாங்கினார், எந்தப் பஞ்சத்தில் என்ன செய்து உங்களைக் காப்பாற்றினார் என்று கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். ஞானஸ்நானப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே அவற்றை ஓர் ஏடாகக் கட்டிவைப்போம். வெளியூரில் இருப்பவர்கள் தொலைபேசியிலேயே கேளுங்கள். பிறகு அவர் செபமாலையின் முன்பாதியைத் தொடங்கட்டும். பின்பாதியை நீங்கள் சொல்லுங்கள்.

நம் தாய்மாரையும் பாட்டிமாரையும், நமக்குமுன் ஆண்டவரில் துயில்கொண்ட எல்லாத் தாய்மாரையும் தேவதாயின் கரங்களில் ஒப்படைத்து விடைபெறுகிறேன். இறையாசீர் உங்கள் எல்லார்மேலும் தங்குவதாக. ஆமென்.